மேகத்துக்கு உறை குத்தலாமா?

மழையைக் குறை சொல்வதில் நமக்குச் சலிப்பே கிடையாது. பெய்தால், "இப்படியா கொட்டித் தீர்க்கும்? வடாம் உலர்த்த ஒரு நாள் வெயில் இல்லையே!" என்கிறோம். பெய்யாவிட்டால், "மனிதர்கள் செய்கிற அக்கிரமத்துக்கு மழை எப்படிப் பெய்யும்?" என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே பெருமூச்சு விடுகிறோம். வானம் இரண்டையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு தன் இஷ்டப்படியே இருந்து வருகிறது. அந்த இஷ்டத்தில் மனிதன் தலையிட முடியுமா, தலையிட்டால் எத்தனை குடம் தண்ணீர் தேறும் என்பதுதான் இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம்.

உடனே பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள், சகோதரிகளே! பெரிய பெரிய ஸயன்ஸ் வார்த்தைகளைச் சொல்லி உங்களைத் தூங்க வைக்க மாட்டேன். சமையலறையில் இல்லாத ஸயன்ஸ் வேறு எங்கே இருக்கிறது?

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை பிறந்தது 2019-ஆம் வருஷத்துக் கோடையில். சென்னைவாசிகள் அந்தக் கோடையை லேசில் மறக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு போயின. ஜூலை மாதம் 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குக் கூடுவதுபோல் அந்த ரயிலை வேடிக்கை பார்க்க ஜனங்கள் கூடினார்கள்!

அப்போது எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் ஒரு நாள் ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தாள். வழக்கமாக ஆறரைக்கு வருகிறவள். அவள் தெருவில் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாதாம். நடுநிசியிலும் வரும், விடிந்தும் வரும். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு நகர்ந்தால், குடம் இருக்கும், இடம் இருக்காது. ஆகையால் தாய் வேலைக்கு வரும் நேரத்தில் மகள் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண். அந்த மாதத்தில் பாதி நாள் அவள் முதல் பாடத்துக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேரவில்லை.

பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே அந்த அம்மாள் என்னைக் கேட்டாள்:

"ஏம்மா, ஆகாசத்திலே ஏதோ மருந்து தூவினா மழை கொட்டுமாமே? டி.வி.யிலே சொன்னாங்க. எங்க தெருவிலே கொஞ்சம் தூவச் சொல்ல முடியாதா?"

கேள்வி சின்னதுதான். ஆனால் இதற்குச் சரியான பதில் சொல்லப் பெரிய பெரிய விஞ்ஞானிகள் எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது, நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

மழையை வரவழைக்கும் ஆசை ஒன்றும் புதிதல்ல. முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரம் போகும் வழியில் வறண்ட பூமியைக் கண்டு மனம் இரங்கி அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது, நிற்காமல் கொட்டவே, நிற்கும்படியும் பாட வேண்டி வந்தது என்று சங்கீத உலகில் கர்ண பரம்பரையாகச் சொல்வார்கள். கதையின் பின்பாதியை மட்டும் மறந்துவிடாதீர்கள். வரவழைப்பது ஒரு வித்தை. வந்ததை நிறுத்துவது அதைவிடப் பெரிய வித்தை.

இந்தப் பின்பாதி அமெரிக்காவில் நிஜமாகவே நடந்தது. சார்லஸ் ஹாட்ஃபீல்டு என்று ஒருவர். தொழில், தையல் மிஷின் விற்பனை. "என்னிடம் ஒரு ரசாயனக் கலவை இருக்கிறது, அதைக் கோபுரத்தின்மேல் வைத்து ஆவியாக்கினால் மழை வரும்" என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கலவையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் பரம ரகசியம்! 1915-ஆம் வருஷக் கடைசியில் கலிபோர்னியாவிலுள்ள ஸான் டியாகோ நகரசபை அவரை அழைத்தது. மொரீனா என்ற நீர்த்தேக்கத்தை நிரப்பிக் கொடுத்தால் 10,000 டாலர் தருவதாக வாய்ப் பேச்சில் ஏற்பாடு ஆயிற்று. ஹாட்ஃபீல்டு கோபுரம் கட்டிக் கலவையை வைத்தார். 1916 ஜனவரியில் மழை வந்தது. வந்த மழையா அது! பாலங்கள் அடித்துக்கொண்டு போயின. ஜனவரி 27-ந் தேதி ஓட்டாய் என்ற அணை உடைந்து பல உயிர்கள் போயின.

ஹாட்ஃபீல்டு சம்பளம் கேட்டார். "நஷ்ட ஈட்டுக்கெல்லாம் நீர் பொறுப்பு ஏற்றுக்கொண்டால் தருகிறோம்" என்றது நகரசபை. மழை தம்முடையது என்றால் வெள்ளமும் தம்முடையது. வெள்ளம் கடவுளுடையது என்றால் மழையும் கடவுளுடையது. பாவம், மனிதர் இந்தப் பொறியில் மாட்டிக்கொண்டார். வழக்கு இருபது வருஷங்களுக்கு மேல் இழுத்தடித்தது. பத்தாயிரம் டாலரில் ஒரு காசுகூட அவர் கைக்கு வரவில்லை. அவருடைய கலவையால்தான் அந்த மழை வந்தது என்று இன்று எந்த விஞ்ஞானியும் ஒப்புக்கொள்வதில்லை. எப்படியும் வர இருந்த புயல் மழை, அவர் கோபுரம் கட்டிய சமயத்தில் வந்துவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

உண்மையான சாஸ்திரம் 1946-ஆம் வருஷத்தில் பிறந்தது. அதுவும் எதில் தெரியுமா? ஒரு குளிர்சாதனப் பெட்டியில்! நியூயார்க் மாகாணத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலையில் வின்ஸென்ட் ஷேஃபர் என்பவர், ஆழமான ஐஸ் பெட்டி ஒன்றுக்குள் மூச்சை ஊதிச் சின்ன மேகங்களை உண்டாக்கிப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். ஜூலை மாதம், நல்ல வெயில். பெட்டி போதிய அளவு குளிரவில்லை. ஆகவே, உலர்ந்த பனிக்கட்டி என்கிறார்களே, கரியமில வாயுவை உறைய வைத்த கட்டி, அதில் ஒரு துண்டை உள்ளே போட்டார். அவ்வளவுதான்! பெட்டிக்குள் இருந்த மேகம் முழுவதும் மின்னும் பனித் துகள்களாக மாறிவிட்டது. அவ்வருஷம் நவம்பர் 13-ந் தேதி ஆகாய விமானத்தில் ஏறி, நிஜ மேகத்திலேயே அந்தப் பனிக்கட்டித் தூளைத் தூவினார். மேகத்திலிருந்து பனி இறங்கியது. தரையைத் தொடுவதற்குள் ஆவியாகிவிட்டது. அதே மாதத்தில் அவருடைய சகா பெர்னார்டு வானகட் என்பவர், பனிக்கட்டியின் அமைப்பையே ஒத்திருக்கும் ஸில்வர் அயோடைடு என்ற வெள்ளி உப்பும் இதே வேலையைச் செய்யும் என்று கண்டுபிடித்தார். இன்றுவரை அந்த வெள்ளி உப்புத்தான் தூவப்படுகிறது.

இது எப்படி வேலை செய்கிறது? கல்கண்டு செய்வதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? சர்க்கரைப் பாகில் ஒரு நூலைத் தொங்க விட்டால், அதைப் பற்றிக்கொண்டு கட்டி கட்டியாக வளர்கிறது. நூல் இல்லாவிட்டால், பாகு பாகாகவே நிற்கும். மேகமும் அப்படித்தான். அதிலுள்ள நீர்த் திவலைகள் மிகப் பொடி. ஏறக்குறையப் பத்து லட்சம் திவலைகள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் ஒரு மழைத் துளி! உயரமான மேகங்களில் பூஜ்ய டிகிரிக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் தண்ணீராகவே தவித்துக்கொண்டிருக்கும் திவலைகள் உண்டு. அங்கே வெள்ளி உப்பைத் தூவினால், கல்கண்டு நூல் கிடைத்த மாதிரி அதைப் பற்றிக்கொண்டு உறைந்து, பெருத்து, கனம் தாங்காமல் கீழே விழுகின்றன. வழியில் உருகி மழையாகின்றன.

அவ்வளவு உயரம் போகாத, உறைநிலைக்கு வராத மேகங்களுக்கு வேறு மருந்து. மழைக் காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். உப்பு நசநசவென்று நீர்த்திருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது உப்பின் சுபாவம். அந்த உப்பையே நைஸாகப் பொடித்து மேகத்தில் தூவினால், ஈரத்தை இழுத்துப் பெரிய திவலைகளாகி, சின்னத் திவலைகளையும் சேர்த்துக்கொண்டு இறங்கும்.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். ராத்திரி பாலைக் காய்ச்சி ஆற்றி ஒரு ஸ்பூன் மோரை உறை குத்தி வைத்தால், காலையில் தயிர். சரி. பாலே இல்லாத காலிப் பாத்திரத்தில் உறை குத்தி வைத்தால்?

சிரிக்கிறீர்கள். ஆனால் விஷயத்தின் சாரமே இதுதான். வெள்ளி உப்பும் சாதாரண உப்பும் உறைமோர்தான்; பால் அல்ல. மேகம் இல்லாத வானத்தில் மேகத்தை உண்டாக்க அவற்றால் முடியாது. எந்த மாதத்தில் தண்ணீர் இல்லாமல் நாம் தவிக்கிறோமோ, அந்த மாதத்தில் பெரும்பாலும் தகுந்த மேகமும் இருப்பதில்லை. 2025 அக்டோபர் 28-ந் தேதி டில்லியில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். அங்கே தண்ணீருக்காக அல்ல, புகைமூட்டத்தைக் கழுவுவதற்காகக் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் விமானத்தில் சென்று தூவினார்கள். மேகத்தில் ஈரம் போதவில்லை. டில்லியில் மழை பெய்யவில்லை. மருந்து பொய்யில்லை, பாத்திரத்தில் பால் இல்லை.

சரி, பால் இருக்கும்போது குத்தினால் தயிர் எவ்வளவு தேறும்? இதற்கும் நம் தேசத்திலேயே கணக்கு இருக்கிறது. புனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சிக் கழகத்தார், 2018, 2019 ஆகிய இரண்டு வருஷங்களில் பருவமழைக் காலத்தில், மகாராஷ்டிரத்து ஷோலாப்பூர் வட்டாரத்தில் பரீட்சை நடத்தினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை மழையையெல்லாம் மறித்துக்கொள்வதால் வறண்டு கிடக்கும் சீமை அது. இருநூற்றுக்கு மேற்பட்ட மேகங்களைத் தேர்ந்தெடுத்து, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் சிலவற்றில் மட்டும் தூவி, மற்றவற்றைச் சும்மா விட்டு, இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஹாட்ஃபீல்டு செய்யாத காரியம் இதுதான். தூவாத மேகம் எவ்வளவு பெய்திருக்கும் என்று தெரியாமல், தூவியதால் இவ்வளவு பெய்தது என்று எப்படிச் சொல்வது? முடிவு 2023-இல் வெளியாயிற்று. நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் சராசரியாக 18 சதவிகிதம் மழை அதிகம். சில இடங்களில் 46 சதவிகிதம் வரைக்கும்கூட. செலவு, லிட்டருக்கு 18 பைசா என்று கணக்குப் போட்டார்கள்.

அதே சமயம் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். தண்ணீரைப் பவுன் மாதிரி எண்ணிச் செலவழிக்கும் இஸ்ரேல் தேசத்தார் பல பத்து வருஷங்களாக மேகத்தில் தூவி வந்தவர்கள். 2013 முதல் 2020 வரை கடுமையான பரீட்சை ஒன்றை நடத்திப் பார்த்ததில், அதிகப்பட்ட மழை 1.8 சதவிகிதந்தான் என்றும், அதுகூடத் தற்செயலாக இருக்கலாம் என்றும் தெரிய வந்தது. தூவுவதை நிறுத்திவிட்டார்கள். ஆக, ஊருக்கு ஊர் மேகம் வேறு, பலனும் வேறு. கைராசி உள்ளவள் குத்தினாலும் எல்லாப் பாலும் ஒரே மாதிரி உறைகிறதா என்ன?

இவ்வளவையும் படித்துவிட்டு அந்த அம்மாளுக்கு என்ன பதில் சொல்வது? "உன் தெருவுக்கு மட்டும் தூவ முடியாதம்மா. பத்து மைல் தள்ளியும் விழும், கடலிலும் விழும். மேகம் வருகிற காலத்தில்தான் தூவலாம். நூறு குடம் மழை பெய்கிற இடத்தில், அதிர்ஷ்டம் இருந்தால் நூற்றுப் பதினெட்டுக் குடம் பெய்யும்" என்று சொன்னேன்.

அவள் சற்று யோசித்தாள். "அந்த நூறு குடமே சாக்கடைக்குத்தானேம்மா போவுது? பதினெட்டும் அங்கேதானே போவும்?" என்றாள்.

விமானம் ஏறாமல், ஐஸ் பெட்டியைத் திறக்காமல், விஷயத்தின் அடிமடியில் கை வைத்துவிட்டாள், பாருங்கள்!

எங்கள் கட்டிடத்தில் இருபத்துநான்கு குடித்தனங்கள். மழைநீர் சேகரிப்பு ஏற்பாடு எல்லாக் கட்டிடங்களிலும் இருந்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தது. எங்களிடமும் அந்த ஏற்பாடு இருந்தது. மாடியிலிருந்து இறங்கும் குழாயின் வாய் உடைந்து, குழி முழுவதும் மண்ணும் பிளாஸ்டிக்குமாக அடைத்துக்கொண்டு, சாஸ்திரத்துக்கு இருந்தது. குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் அதைச் செப்பனிடும் பேச்சு வந்தது. தலைக்கு இவ்வளவு என்று செலவு சொன்னதும் பாதிப் பேர் முகம் சுண்டியது. "அரசாங்கமே மேகத்தில் மருந்து தூவி மழை கொண்டுவரப் போகிறதாமே! நாம் எதற்கு இப்போது குழி தோண்டிக்கொண்டு?" என்றார் ஒருவர்.

நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். எங்கள் மொட்டை மாடி 400 சதுர மீட்டர். சென்னையில் ஒரு வருஷத்தில் சராசரியாகப் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். இரண்டையும் பெருக்கினால் 5,60,000 லிட்டர்! எங்களுக்கு வந்த லாரி ஒன்றுக்கு 12,000 லிட்டர். நாற்பத்தாறு லாரித் தண்ணீர் வருஷந்தோறும் எங்கள் தலைக்கு மேலேயே வந்து இறங்கி, வாசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. ஆவியாவதும் சிதறுவதும் போகப் பாதிதான் மிஞ்சும் என்றாலும் இருபத்துமூன்று லாரி.

"மேகத்தில் தூவினால் லிட்டர் 18 பைசா. அதாவது ஒரு லாரி 2,160 ரூபாய். அந்தத் தண்ணீரும் நம் தொட்டிக்கு வராது. நூறு சதுர கிலோமீட்டரில் எங்கேயோ விழும். நம் மாடியில் விழுவதற்கு வானம் பில் போடுவதில்லை. குழிக்கு ஒரு தரம் செலவழிப்போம்" என்றேன்.

"மாமி சொல்வது சரிதான்" என்று இரண்டாம் மாடிப் பையன் ஒருவன் முதலில் கையைத் தூக்கினான். பிறகு ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. என் கோரிக்கை இன்னொன்றும் இருந்தது: கிணற்றில் தண்ணீர் ஊறினால், காலையில் ஒரு மணி நேரம் வாசல் குழாய் ஒன்றைத் தெருவில் குடம் வைத்திருப்பவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது. இதற்குத்தான் பெரிய சண்டை! "நம் பணம், நம் கிணறு" என்றார்கள். "நம் மழையா?" என்று கேட்டேன். நாலைந்து பேர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

அந்த ஐப்பசியில் யாரும் எதுவும் தூவாமலே மழை வந்தது. கார்த்திகையில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது, கோடையில் கயிறு எட்டாத ஆழத்தில் கிடந்த தண்ணீர் ஏழெட்டு உறை மேலே ஏறியிருந்தது. வாசல் குழாய் இன்றும் காலையில் ஒரு மணி நேரம் ஓடுகிறது. சண்டையும் இன்றுவரை ஓயவில்லை. ஒவ்வொரு வருஷக் கூட்டத்திலும் அதை மூடச் சொல்லி ஒருவர் எழுந்திருப்பார். நானும் எழுந்திருப்பேன். எட்டாம் வகுப்புப் பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

இதற்காக மேகத்தில் தூவுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. ஷோலாப்பூர்க் குடியானவனுக்கு, பயிர் வாடும் சமயத்தில் நூறுக்குப் பதினெட்டு அதிகம் என்பது உயிர் கொடுத்த மாதிரி. விஞ்ஞானிகள் தூவட்டும், தூவாத மேகத்தோடு ஒப்பிட்டுக் கணக்கும் சொல்லட்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: அது மேகம் திரளும் பருவத்தில் செய்து, விழுவதை ஏரியிலும் குளத்திலும் தேக்கி வைத்துக்கொள்ள வேண்டிய காரியம், குடம் காலியான பிறகு கூப்பிட வேண்டிய வைத்தியர் அல்ல. தேக்க இடம் இல்லாவிட்டால் அதிக மழை எப்படி இருக்கும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் வீட்டுப் படிக்கட்டுகளே பார்த்துவிட்டன.

ஆகவே சகோதரிகளே, புரட்டாசி பிறந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். கொலு பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கும்போதே, ஏணியை இன்னும் நாலு படி நீட்டி மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். குழாய் வாயில் சருகு அடைத்திருந்தால் எடுத்துப் போடுங்கள். கீழே குழி எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாது, சேர்ந்து தேடுங்கள்!